இன்ரநஷனல் பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்துக்குப் புதிசா?

நீண்ட பதிவு இது. பிள்ளைகளை நித்திரையாக்கிவிட்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

முதலாம் வகுப்புக்கு விண்ணப்பம் கேட்கிற காலம் வந்தால், எங்களைப் போன்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் அச்சுவேலிச் சந்தையில் நிம்மதியாக மரக்கறி வாங்க முடியாது. கத்தரிக்காய்க்கு விலை கேட்கும்போதே பக்கத்தில் ஒருவர் வந்து நின்றுவிடுவார். "ஒளிக்காமல் சொல்லுங்கோ, பிள்ளையை இங்கை விடவோ, ரவுணிலை இன்ரநஷனலிலை விடவோ?" கேட்பவர் தோட்டக்காரராகவும் இருப்பார், வங்கியில் வேலை செய்பவராகவும் இருப்பார். முன்பெல்லாம் வசதியான வீட்டுக்காரர்தான் கேட்பார்கள். இப்போது எல்லோரும் கேட்கிறார்கள்.

காலை ஆறே காலுக்குச் சந்தியில் நின்று பாருங்கள். ரை கட்டிய நாலு வயதுப் பிள்ளை வான் கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரை கொண்டபடி போகும். செம்மண் தோட்டங்களும் புத்தூரும் நீர்வேலியும் கோப்பாயும் அதற்குத் தெரியாமலே பின்னால் போய்விடும். அந்த வானின் பின்பக்கத்திலும், கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்திலும் இப்போது ஒரு புதுச் சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது: வெல்பீயிங். பிள்ளையின் நலவாழ்வு என்று தமிழில் சொல்லலாம். கற்பது மட்டும் போதாது, பிள்ளை சந்தோசமாகவும் பயமில்லாமலும் இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்து. அதில் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆனால் இந்தப் பள்ளிக்கூடங்கள் யாழ்ப்பாணத்துக்குப் புதிது, நலவாழ்வு என்ற எண்ணமும் அவற்றோடுதான் வெளிநாட்டிலிருந்து வந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டும் சரியில்லை. அதனால் சந்தையில் கேட்பவருக்கு நாங்கள் நேரே ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்வதில்லை. திருப்பி ஒரு கேள்வி கேட்கிறோம். அந்தப் படலைக்குள் போகிறபோது உங்கள் பிள்ளை எதைக் கழற்றி வெளியில் வைக்கவேண்டியிருக்கும்? அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

இருநூறு வருடத்துக்கு மேல் பின்னால் போகவேண்டும். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் கரையிலிருந்து 1815இல் கப்பலேறிய மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையில் வேலையைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அவர்களில் ஒருவர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. உடுவில் பள்ளி ஆசியாவிலேயே மிக முந்திய பெண்கள் விடுதிப் பள்ளிகளில் ஒன்று. ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் அதை நடத்தினார். ஆசிரியர் அமெரிக்கர், பணம் அமெரிக்கப் பணம், படிப்பில் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும். இதை இன்ரநஷனல் பள்ளி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

அங்கே பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மூன்று நேரச் சோறு கிடைத்தது. உடுப்பு கிடைத்தது. வருத்தம் வந்தால் மருந்து கிடைத்தது. வாந்திபேதி ஊரைக் கொண்டுபோன காலத்தில் அது சின்ன விசயமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது நலவாழ்வுதான், பெயர் மட்டும் இல்லை. தொடக்கத்தில் மிஷன் வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிடமாட்டோம் என்று பிள்ளைகள் நின்றபோது, பக்கத்து வளவில் குசினி போட்டுக்கூடக் கொடுத்தார்கள். ஊரோடு அவ்வளவு தூரம் இறங்கிப் போனார்கள்.

ஆனால் பெயர் போனது. அமெரிக்காவில் ஓர் உபகாரி ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், பல தடவை அந்த உபகாரியின் பெயரோ அவர் விரும்பிய பெயரோ பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் புலமை வரலாற்றை எடுத்துப் பாருங்கள். கறோல் விசுவநாதபிள்ளை. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. இந்த வெள்ளைக்காரப் பெயர்கள் எல்லாம் சின்ன வயதில் பள்ளிப் படலையிலும் ஞானஸ்நானத்திலும் ஒட்டியவை. எங்கள் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் இவற்றை வாசித்துவிட்டு, "இவர் வெள்ளைக்காரரோ?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி.

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது பக்கத்து ஊர்க்காரரின் கதை. சிறுப்பிட்டி அச்சுவேலியிலிருந்து சைக்கிளில் போய்வருகிற தூரம். அங்கே 1832இல் பிறந்த தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்தான். சார்ள்ஸ் வின்ஸ்லோ என்று கிறிஸ்தவப் பெயர். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பட்டதாரிகளை வெளியில் விட்டபோது அவர்கள் இரண்டே பேர். இவரும் கறோல் விசுவநாதபிள்ளையும். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார். பிறகு தாமோதரம்பிள்ளை ஏடு ஏடாகத் தேடி வீரசோழியம், கலித்தொகை எல்லாவற்றையும் அச்சேற்றினார். தமிழில் தன் பெயரை எழுதும்போது அவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அந்தச் சி. வை. சிறுப்பிட்டி வைரவநாதர். ஊரும் தகப்பனும். சார்ள்ஸ் வின்ஸ்லோவின் தலைப்பெழுத்துக்குப் பக்கத்திலேயே தன் ஊரையும் தகப்பனையும் கொண்டுவந்து இருத்திய மனிதர் அவர். பள்ளிக்கூடத்துப் படலையில் வைத்துவிட்டுப் போனதை வெளியில் வரும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் அந்தக் கெட்டித்தனம் வாய்க்காது.

இன்னொரு விசயம் பலருக்குத் தெரியாது. ஆங்கில வழிக் கல்வி பிள்ளைக்கு நல்லதா என்ற விவாதத்தை யாழ்ப்பாணத்தில் முதலில் சூடாக்கியது நாவலர் இல்லை, தமிழ்த் தேசியவாதிகளும் இல்லை. மிஷனின் தலைமைச் செயலகம்தான். ரூபஸ் அண்டர்சன் என்ற செயலாளர் அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்த பெடியன்கள் ஊருக்குள் ஊழியம் செய்யாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள், தாய்மொழியில்தான் கற்பிக்கவேண்டும் என்பது அவருடைய பக்கம். 1855இல் செமினரி மூடப்பட்டது. ஊர்ச் சனம் விடவில்லை. ஆங்கிலக் கல்லூரி வேண்டும் என்று நின்று, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் திறக்க வைத்தார்கள். அதாவது வெள்ளைக்காரர் தமிழில் படி என்கிறார், தமிழர் இல்லை இங்கிலிஷ்தான் வேண்டும் என்கிறார். இன்றைக்குச் சந்தையில் எங்களிடம் கேட்பவர்களின் பூட்டன்மாரின் குரல் அது. உத்தியோகம் வேண்டும், அதற்கு இங்கிலிஷ் வேண்டும். அதில் ஆசையும் இருந்தது, நியாயமும் இருந்தது.

அதே மிஷனில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் வந்து, பிறகு மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அவருக்கும் ஒரு பகுதி மாணவர் எதிர்ப்புக் காட்டினார்கள், காரணம் அதே உத்தியோகம். ஆனாலும் நோயாளியின் வயிற்றுவலியை நோயாளியின் மொழியில் விளங்கவேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் வயிற்றுவலிக்கும் அது பொருந்தும். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது, பிள்ளை தன் சமயத்தைக் கழற்றி வைக்காமல் படிக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான். மிஷன் பள்ளியின் வகுப்பு முறையையும் அச்சுப் புத்தகத்தையும் அப்படியே எடுத்து, உள்ளே இருந்ததை மாற்றினார். பாலபாடங்கள் அப்படி வந்தவை. எளிய வசனம், பிள்ளைக்கு விளங்கும் வரிசை. ஆரம்பக் கல்விக்கு அது பெரிய கொடை. ஆனால் அந்தப் படலையும் எல்லாப் பிள்ளைக்கும் திறந்ததில்லை. சாதி விசயத்தில் நாவலர் பழைய வழக்கத்தின் பக்கம் நின்றவர். இதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள். சொல்லாமல் விட்டால் வரலாறு இல்லை.

அதற்கு முந்திய எங்கள் சொந்தப் பள்ளிகளைப் பற்றியும் பழம்பெருமை பேசிப் பிரயோசனமில்லை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து எழுதப் பழக்கியது அழகான முறை. விரலுக்கும் எழுத்துக்கும் இடையில் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் மணல் தட்டை வகுப்பில் பாவிக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் கோதண்டம் என்று ஒன்று இருந்தது. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கீழே நின்று பிரம்பால் அடிப்பது. எங்கள் சோனகதெருப் பக்கத்து ஓதற்பள்ளிகளிலும் பலகையும் ஓதலும் இருந்தன, பிரம்பும் இருந்தது. அடியாத மாடு படியாது என்ற பழமொழியை இன்னும் எங்களிடம் வந்து சொல்கிற தகப்பன்மார் இருக்கிறார்கள். பிள்ளை மாடில்லை என்று சொல்லித்தான் அனுப்புகிறோம்.

முஸ்லிம்களாகிய எங்கள் பாட்டன்மாரின் கதை வேறு. அவர்களில் பலர் மிஷன் பள்ளியின் படலைக்கு உள்ளேயே போகவில்லை. பிள்ளையின் ஈமான் போய்விடும் என்ற பயம். பெயரும் மார்க்கமும் பத்திரமாக இருந்தன, படிப்புப் பின்தங்கியது. கண்டியில் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று திரும்பத் திரும்ப எழுதவேண்டி வந்தது இதனால்தான். கழற்றி வைக்கமாட்டேன் என்று வெளியில் நின்ற பிள்ளையும் விலை கொடுத்தது.

இரண்டும் இல்லாமல் மூன்றாவது வழி ஒன்று இருந்தது என்பதற்கு எங்கள் வண்ணார்பண்ணையிலேயே ஒரு மனிதர் இருக்கிறார். ஏ. எம். ஏ. அஸீஸ், 1911இல் பிறந்தவர். குர்ஆன் மத்ரஸாவில் தொடங்கினார். பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயம், அதற்குப் பிறகு யாழ் இந்துக் கல்லூரி. ஒரு முஸ்லிம் பிள்ளை சைவப் பள்ளிக்கூடங்களில் படித்து, முஸ்லிமாகவே வெளியில் வந்து, இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிமானார். 1945இல் முஸ்லிம் மாணவருக்கான புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கினார், 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரி அதிபராக இருந்தார். தமிழைத் தன் தாய்மொழி என்று கடைசிவரை கொண்டாடியவர். அவருடைய படிப்பைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அவருடைய கெட்டித்தனத்தைப் பேசுகிறார்கள். நாங்கள் யோசிப்பது அந்த வகுப்பறையை. தொப்பியோடு வந்த ஒரு பெடியன் தன்னை அந்நியனாக உணராமல் இருந்த வகுப்பு அது. அதை நடத்திய ஆசிரியர்மாருக்கு வெல்பீயிங் என்ற சொல் தெரிந்திருக்காது.

ஆனால் அதே காலத்தில் அதே யாழ்ப்பாணத்தில், தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பில் நிலத்தில் இருந்தார்கள். சில இடத்தில் வாசலுக்கு வெளியில். மற்றவர்களுக்கு வாங்கு. எழுத்து ஒன்று, கணக்கு ஒன்று, இருக்கை மட்டும் வேறு. ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் நிலத்திலிருந்து அண்ணாந்து கரும்பலகையைப் பார்க்கிற ஆறு வயதுப் பிள்ளைக்கு அன்றைய பாடம் என்னவென்று யோசியுங்கள். ஆனா ஆவன்னா இல்லை, நீ கீழே இருக்கவேண்டியவன் என்பதுதான் பாடம். 1920களின் கடைசியில், அரசாங்க உதவிப் பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று கட்டளை வந்தது. ஒரு வாங்குக்காக ஊர் இரண்டுபட்டது. மனுப் போட்டார்கள். பிள்ளைகளை மறித்தார்கள். 1930ஐ ஒட்டிய நாட்களில் சில பள்ளிக்கூடங்களை எரித்தே விட்டார்கள். மற்றப் பக்கத்தில் ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் நடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்துக்கும் சமபந்திக்கும் துணிந்து நின்றது. யாழ்ப்பாணத்தில் பிள்ளையின் நலவாழ்வுக்காக நடந்த மிகப் பெரிய போராட்டம் எது என்று கேட்டால், எங்களுக்கு அந்த வாங்குதான். அதற்கு ஒரு நினைவுக் கல்லைக்கூட எங்கும் நாங்கள் காணவில்லை.

1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கன்னங்கராவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையின் பலன். அதற்கு முதல் ஆங்கிலப் பள்ளிக்குச் சம்பளம் கட்டவேண்டும், சுயபாஷைப் பள்ளிக்குச் சம்பளமில்லை. ஒரே ஊரில் இரண்டு வகைப் பிள்ளைகள். அந்தப் பிளவை மூடத்தான் இலவசக் கல்வியும், ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியும் சேர்ந்தே வந்தன. இப்போது அச்சுவேலிச் சந்தியில் வான் ஏறும் பிள்ளையும் ஏறாத பிள்ளையும் அதே இரண்டு வகை. கன்னங்கரா மூடிய கதவு வேறொரு பெயரில் திறந்திருக்கிறது. அதற்கு முந்திய வருடம், 1944இல், மரியா மொன்ரிசோரி அம்மையாரே இலங்கைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். உலகப் போர் அவரை இந்தியாவில் மறித்து வைத்திருந்த காலம் அது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் நேசரிக்கு மொன்ரிசோரி என்றே பெயர். பெயர் பிடித்துக்கொண்டது. பிள்ளையைத் தன்பாட்டில் செய்யவிடவேண்டும் என்ற அவருடைய எண்ணம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மூன்று வயதில் கொப்பி நிறைய எழுதவில்லையென்றால் தாய்மார் பள்ளியை மாற்றிவிடுகிறார்கள்.

இன்ரநஷனல் பள்ளி எப்படி வந்தது என்பதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு, பெற்றோர் அதை அறிந்திருக்கவேண்டும். 1960இலும் 1961இலும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பள்ளிக்கூடம் திறப்பதைத் தடுத்தது. அந்தத் தடை இன்னும் இருக்கிறது. திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு வந்த இன்ரநஷனல் பள்ளிகள் அதனால் பள்ளிகளாகப் பதியவில்லை. கொம்பனிச் சட்டத்தின் கீழ் கொம்பனிகளாகப் பதிந்தன. உங்கள் பிள்ளை படிக்கும் இடம் சட்டத்தின் கண்ணில் ஒரு கொம்பனி. அதனால் அது கூடாத இடம் என்று அர்த்தமில்லை. ஆனால் கல்வித் திணைக்களத்து அதிகாரி எங்கள் வகுப்புக்குள் வந்து கொப்பியைத் திறந்து பார்ப்பதுபோல அங்கே வருவதில்லை. பார்க்கவேண்டியவர் நீங்கள்தான்.

போர்க்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லமுடியாது, ஆனாலும் சொல்லாமல் விடவும் முடியாது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் வயதுக்காரர் பலர் ஆனா எழுதியது புத்தளம், கற்பிட்டிப் பக்கத்து ஓலைக் கொட்டில்களில். இல்லாவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நடந்த பின்னேரப் பள்ளியில். எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியரும் அகதிதான். இடாப்பு எழுதும்போது அவர் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு விலாசத்தையும் கேட்பார். நாங்கள் முகாமின் பெயரைச் சொல்வோம். அவர் தலையாட்டிவிட்டு, சோனகதெரு, யாழ்ப்பாணம் என்று எழுதுவார். அந்த ஊரை ஒருதரமும் காணாத பிள்ளைகளுக்கு அது ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, 1995இல், வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. அந்த மாதம் 17ஆம் திகதி தொடங்கிய ரிவிரெச நடவடிக்கையின் வழியில் அச்சுவேலியும் புத்தூரும் முதலிலேயே அகப்பட்டன. இங்கே எங்களோடு படிப்பிக்கிற ஆசிரியைமார் பலர் அந்த வருடம் தென்மராட்சியில் மரத்தடியில் படித்த பிள்ளைகள். அதற்கு ஒரு மாதம் முதல், செப்டெம்பர் 22இல், வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பாடசாலைப் பிள்ளைகள் விமானக் குண்டுவீச்சில் செத்தார்கள். பள்ளிச் சீருடையோடு. எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு ஒக்டோபர் முப்பதுகள் ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கின்றன. பெரிதாகக் கதைப்பதில்லை. சில வருடம் அந்த நாளில் யாரோ ஒருவர் கூடுதலாக ஒரு பார்சல் கொண்டுவருவார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உளநலம் என்று யாழ்ப்பாணம் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் 'கூடி விளையாடு பாப்பா' நாடகத்தை எழுதினார். பிள்ளைகள் மேடையில் வசனம் ஒப்புவிப்பதை விட்டு, விளையாடி, பாடி, ஆடி நடித்தார்கள். 1991இல் 'அன்னை இட்ட தீ' போரால் உடைந்த மனங்களைப் பற்றியே பேசியது. உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு நின்றவர்களும் ஷெல் விழுந்துகொண்டிருந்த நகரத்தில் வேலை செய்தார்கள், தமிழில் எழுதினார்கள், ஆசிரியர்களைப் பயிற்றினார்கள். அப்படிப் பயின்ற ஆசிரிய ஆலோசகர்கள் வகுப்பில் ஒரு மூலையில் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடித்தார்கள். கிழக்கில் 1996 முதல் மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள். கோப்பாயில் பயிற்சி எடுத்த எங்களுக்கு நாடகமும் விளையாட்டும் பாடத்தின் பகுதியாக வந்ததற்குப் பின்னால் இந்த மனிதர்களின் வேலை இருக்கிறது. பவர்பொயின்ற் இல்லாமல், புரஜெக்டர் இல்லாமல், பல நாள் மின்சாரமே இல்லாமல் நடந்த வேலை.

இனி இன்றைக்கு வருவோம். எங்கள் பக்கத்துக் குறையை முதலில் சொல்கிறோம். கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பள்ளியில் உடல் தண்டனையைத் தடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றமும், ஆசிரியர் அடித்துக் காது கேட்காமல் போன ஒரு மாணவரின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்த்தது. ஆனாலும் பிரம்பு எல்லா வகுப்பிலிருந்தும் போய்விட்டது என்று சத்தியம் பண்ணமுடியாது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, ஏழைப் பிள்ளை மத்திய கல்லூரியில் படிக்கட்டும் என்று 1940களில் வந்த நல்ல ஏற்பாடு. இன்றைக்கு ஒன்பது வயதுப் பிள்ளை விடிய ஐந்து மணிக்கு ரியூசனுக்குப் போகிறது. வெட்டுப்புள்ளி வந்த அன்று ஊரில் பாதிப் பிள்ளைகள் அழுகின்றன. பல பெற்றோர் இன்ரநஷனலுக்கு ஓடுவது ஆங்கிலத்துக்காக என்று சொல்வார்கள். கொஞ்சம் கதைத்தால் உண்மை வரும். இந்தப் பரீட்சையிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றத்தான் ஓடுகிறார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது?

அடுத்தது மலசலகூடம். சிரிக்காதீர்கள். ஆரம்ப வகுப்பில் நலவாழ்வு அங்கேதான் தொடங்குகிறது. அரசாங்கப் பள்ளிகளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். போத்தல் நிறைய இருக்கும். குடித்தால் போகவேண்டும், போகிற இடம் சரியில்லை. இன்ரநஷனல் பள்ளிகளில் அந்த இடம் பளிச்சென்று இருக்கிறது. ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அப்படியொரு பள்ளியில் சேர்த்து மூன்றாம் கிழமை ஒரு பிள்ளை நனைந்த காற்சட்டையோடு வீட்டுக்கு வந்தது. தாய் எங்களிடம் வந்து அழுதார். வகுப்பில் தமிழ் கதைக்கக்கூடாது என்பது அங்கே விதி. போகவேண்டும் என்று கேட்கிற இங்கிலிஷ் வசனம் பிள்ளைக்கு இன்னும் பாடமாகவில்லை. கேட்கத் தெரியாமல் இருந்த இடத்திலேயே போய்விட்டது. பளிச்சென்ற மலசலகூடம் இருபது அடி தூரத்தில் இருந்தது. வைத்தியர் கிறீன் மானிப்பாயில் இருந்து என்ன சொன்னார் என்று இப்போது நினைத்துப் பாருங்கள்.

கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். பல வீட்டில் கனடாவில் மாமா, லண்டனில் சித்தி. நல்ல மனதோடு கட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் பிள்ளையை இங்கிலிஷில் பாடச் சொல்லிக் கேட்டுச் சந்தோசப்படுகிறார்கள். 1820களில் மசசூசெட்ஸ் உபகாரிக்குக் கப்பலில் கடிதம் போனது, இப்போது வட்ஸ்அப்பில் வீடியோ போகிறது. அப்போது பெயர் மாறியது. இப்போது மாறுவது அம்மம்மாவோடு கதைக்கிற பாஷை. இதுவரை மூன்று வீட்டில் கண்டுவிட்டோம். பிள்ளை இங்கிலிஷில் கேட்கிறது, அம்மம்மா சிரித்துக்கொண்டு தாயின் முகத்தைப் பார்க்கிறார்.

அதனால் சந்தையில் கேட்பவருக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். எந்தப் பள்ளியில் விட்டாலும் கட்டடத்தைப் பார்க்க முதல் போய்ச் சிலதைக் கேளுங்கள். பிள்ளைக்கு வயிற்றுக்குள் செய்தால் எந்த மொழியில் சொல்லலாம்? பிழை விட்டால் என்ன நடக்கும்? பிள்ளையின் பெயரை ரீச்சர் சரியாக உச்சரிக்கிறாரா? முழுப் பெயரையும்? மதியம் யாரோடு இருந்து சாப்பிடுகிறது? ஜும்ஆவுக்கோ தேருக்கோ நத்தாருக்கோ ஒரு நாள் வராவிட்டால் அடுத்த நாள் யாராவது முகத்தைச் சுளிப்பார்களா? இவற்றை எங்கள் பள்ளிக்கு வந்தும் கேளுங்கள். அதிபரின் முன்னால் கேட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக ஓர் உதவி. சம ஆசனம் வந்த காலத்தில் வலிகாமம் கிழக்கில் எந்தப் பள்ளியில் முதலில் எல்லாப் பிள்ளைக்கும் வாங்கு போட்டார்கள், எங்கே மறித்தார்கள் என்ற கதைகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறோம். உங்கள் அப்பப்பா அம்மம்மா சொன்னது ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். பெட்டகத்துக்குள் பழைய ரிப்போட் புத்தகமோ பள்ளிக்கூடப் படமோ கிடந்தால், பின்பக்கத்தில் எழுதியிருப்பதும் தெரியக்கூடியதாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பெயர் வெளியில் வரக்கூடாது என்றால் இன்பொக்ஸில் அனுப்புங்கள். புத்தூர், ஆவரங்கால், சிறுப்பிட்டி, நீர்வேலிப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் இதை அவர்களுக்கும் காட்டுங்கள்.